பருவக் கடைசியில் ஓநாயைக் குரல் கொடுத்து வரவழைப்பது எப்படி?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் துப்பாக்கி ஓநாய் வேட்டைப் பருவம் மார்ச் 15 வரை நீள்கிறது. ஆனால் பிப்ரவரியில் காட்டில் மிஞ்சியிருப்பவை விவரம் தெரிந்த ஓநாய்கள். கொயோட்டி (ஓநாயைப் போன்ற, அதைவிடச் சிறிய விலங்கு) வேட்டைக்காரர்கள் குளிர்காலம் முழுக்க ஊதலில் எழுப்பிய முயல் அலறல் அவற்றுக்குச் சலித்துப் போயிருக்கும். விலங்குக் குரல் எழுப்பும் அந்த ஊதலை வாங்கிய கையோடு ஏதோ ஒரு மேட்டில் உட்கார்ந்து ஊதினால் குளிர்தான் மிச்சம்.

1. உரிமத்தோடு அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தையும் வாங்கிப் படியுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கும் பேட்டரி ஒலிப்பெட்டிக்கான அனுமதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மொன்டானாவை ஒட்டிய யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் வேட்டையே கூடாது. எல்லை எங்கே என்று தெரியாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2. அடுத்தது தேடல். என்னைக் கேட்டால் முக்கால்வாசி வேலை இதுதான். ஒரு ஓநாய்க் கூட்டம் தனதாக்கிக்கொள்ளும் எல்லை நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர். புதுப்பனி விழுந்த மறுநாள் காலை மரம் வெட்டும் பாதைகளில் நடந்து பாருங்கள். கூட்டம் ஒன்றன் காலடியில் மற்றொன்று கால் வைத்து வரிசையாகப் போகும். ஒரே ஓநாய் போனது போலத் தோன்றும். தடங்கள் பிரியும் இடத்தில் எண்ணினால் கணக்குத் தெரியும். அண்டங்காக்கைகள் வட்டமிட்டால் கீழே இரை கிடக்கலாம்.

3. உட்காரும் இடத்தைக் காற்றுதான் முடிவு செய்யும். ஓநாய் நேரே வராது. சுற்றி வந்து, வாடை பிடிக்கத் தோதான பக்கமாக எட்டிப் பார்க்கும். இருவர் போனால் ஊதுபவர் காற்று வரும் பக்கத்திலும், சுடுபவர் காற்று போகும் பக்கத்தில் சற்றுத் தள்ளியும் இருக்கலாம். யார் எங்கே என்று பேசி வைத்துக்கொண்டு, இடம் மாறாதீர்கள். முதுகுக்குப் பின்னால் பெரிய மரம் இருக்கட்டும். அலறலைக் கேட்டு மலைச்சிங்கமும் (பூமா) வரும். மார்ச்சில் கிரிஸ்லி கரடிகளும் வெளியே வரத் தொடங்கும் என்பதால் கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே அவசியம்.

4. இப்போது ஒலி. ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஓநாய்களின் இணைசேரும் காலம். அப்போது தனி ஓநாயின் நீண்ட ஊளை கேட்டால், அந்த எல்லைக்குரிய ஜோடிக்கு அது அந்நியன். துணை தேடும் இளசுக்கோ அது வாய்ப்பு. இரண்டு ஊளை போதும். பிறகு பதினைந்து நிமிடம் வாயைத் திறக்காதீர்கள். குரைப்பு கலந்த ஊளை எச்சரிக்கைக் குரல், அது வேண்டாம். மான் அலறலும் பயன்படும், ஆனால் குட்டியின் குரல் வேண்டாம். மான்கள் குட்டி போடுவது மே, ஜூனில். மார்ச்சில் அது கேட்டால் எந்த ஓநாய் நம்பும்? வளர்ந்த மானின் குரலைச் சன்னமாகத் தொடங்குங்கள்.

5. அப்புறம் காத்திருங்கள். கொயோட்டிக்கு இருபது நிமிடம் போதும். ஓநாய் ஆழப்பனியில் சில கிலோமீட்டர் நடந்து வர வேண்டியிருக்கலாம், ஒரு மணி நேரமாவது கொடுங்கள். வருவது கொயோட்டியா, யாராவது வளர்க்கும் நாயா என்று உறுதி செய்யாமல் விசையில் விரல் வைக்காதீர்கள். ஓநாய்க்கு முகம் அகலம், காது சிறிது, உடல் கொயோட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு எடை. எதுவும் வரவில்லையா? சத்தமில்லாமல் எழுந்து போங்கள். அதே இடத்தில் அதே குரலைச் சில நாளைக்கு எடுக்காதீர்கள்.