வைக்கோல் பரணை அறையாக்கப் போகிறீர்களா? முதலில் விட்டத்தின் நுனியைப் பாருங்கள்

தாத்தா காலத்து மாட்டுக்கொட்டகை. மண்சுவர், பனை விட்டம் போட்ட பரண், மேலே சீமை ஓடு. மாடுகளைக் கொடுத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது. போன கோடையில் அந்தப் பரணை மகள் படிக்கிற அறையாக மாற்றினோம்.

வைக்கோலை இறக்கச் சித்திரைதான் சரி, எல்லாம் காய்ந்திருக்கும். பழைய வைக்கோலில் பூஞ்சை இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். மூக்கில் துண்டு கட்டினால் போதாது, என்-95 முகக்கவசம் வேண்டும். கையால் அள்ளாமல் கவைக்கம்பால் இழுங்கள். எங்களுக்கு அடியில் நாலு தேள் இருந்தன.

அப்புறம் விட்டம். நான் ஏமாந்தது இங்கேதான். நடுவில் தட்டினேன், கணீரென்றது. வைரம் பாய்ந்த பனை என்று நம்பிப் பலகை அடித்தோம். மறுநாள் ஒரு மூலை இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. பிரித்தால், சுவருக்குள் இருந்த நுனி ஒரு சாண் நீளத்துக்கு மண்ணாகிக் கிடந்தது. பனைக்கு வெளிப்பக்கம்தான் கெட்டி, உள்ளே மெத்தென்ற சோறு. சுவரின் ஈரம் நுனியில் ஏறும், கரையான் அந்த வழியாகவே உள்ளே போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது.

அதனால் ஒவ்வொரு விட்டத்துக்கும் இரண்டு நுனியிலும் சுவரைக் கொஞ்சம் கொத்தி, நீளமான ஸ்க்ரூடிரைவரால் வெட்டுமுகத்தில் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. நாங்கள் ஜாக்கி வைத்து முட்டுக் கொடுத்து, கெட்டதை அறுத்துவிட்டு, சுவரை ஒட்டிக் கல்லின் மேல் வேப்பமரத் தூண் நிறுத்தினோம். மற்ற நுனிகளைச் சிமெண்டு வைத்து அடைக்கலாம் என்றார் கொத்தனார். வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். சுண்ணாம்புக் கலவை போடுங்கள், மரத்தைச் சுற்றி ஒரு விரல் இடைவெளியும் விடுங்கள்.

பரண் வைக்கோலுக்காகக் கட்டியது. குடியிருக்கும் அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்க வேண்டும். கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டிவிடுங்கள். அவர் சொல்லித்தான் நாங்கள் நடுவில் இரண்டு சட்டம் கூடுதலாகப் போட்டோம்.

பலகைக்கு ஆணி வேண்டாம். பனையில் ஆணி வளையும், நாள்பட்டால் பலகை கிறீச்சிடும். துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். கரையான் அண்டாமல் இருக்க மரத்தில் பூச நான் சொல்வது முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெயைத்தான், பண்ருட்டிப் பக்கம் எளிதாகக் கிடைக்கும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் வெறும் கையால் எண்ணெய் பூசி, விரலெல்லாம் கொப்புளித்துவிட்டதாக எழுதியிருந்தார். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

வெளிச்சத்துக்கு நாலு சீமை ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டோம். மேற்குச் சரிவில் போட்டால் மாலை வெயில் தாங்காது, வடக்குச் சரிவில் போடுங்கள்.