ஒப்படைப்புக் குறிப்பை யார் எழுத வேண்டும்?

பணியிலிருந்து விலகுபவரை, தன் வேலையை அடுத்தவருக்கு விளக்கும் ஒப்படைப்புக் குறிப்பை எழுதச் சொல்லாமல், அவர் இடத்துக்கு வருபவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நடக்கும் வேலையைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். விலகுபவர் அதைத் திருத்திக் கொடுத்தால் போதும். நமக்குத் தெரிந்தவை நம்மால் சொல்ல முடிந்தவற்றைவிட அதிகம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலான்யி 1966-இல் விளக்கிய உள்ளுறை அறிவுதான், நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் அறிவைச் சேர்த்துப் பகிரும் அறிவு மேலாண்மையில் கைக்கு எளிதில் அகப்படாத பகுதி. மாதக் கடைசி அறிக்கையை அனுப்புமுன் ஒரேயொரு கூட்டுத்தொகையை மட்டும் கையால் சரிபார்ப்பது, பழகியவருக்குச் சொல்லவே தோன்றாது. புதியவரோ அதை ஏன் செய்கிறீர்கள் என்று உடனே கேட்பார். அடுத்தவர் வருமுன்பே பழையவர் கிளம்பிவிடும் இடங்களில் இது நடக்காது. ஒப்பந்த எண், காலக்கெடு போன்றவற்றையும் இப்படிப் பார்த்து எழுத முடியாது; பதிவேட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.