யாழ்ப்பாணத்தில் ஜீப் வாங்குகிறவர்களுக்கு: பெற்றோலா, பிளக்-இன் ஹைபிரிட்டா?

கனடா, லண்டன், சுவிஸ் என்று இருந்துவிட்டு ஊரோடு வந்து இருக்கப் போகிறவர்கள், வீட்டுத் திருத்த வேலை முடிந்த கையோடு தேடுவது ஒரு ஜீப்பைத்தான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு தெரிவுகளும் கூடியிருக்கின்றன.

சொந்த வளவு, சொந்த மீற்றர், வருடம் முழுக்க இங்கேயே இருப்பு என்றால் பிளக்-இன் ஹைபிரிட், அதாவது வீட்டில் சார்ஜ் போட்டு மின்சாரத்திலும் அது தீர்ந்தால் பெற்றோலிலும் ஓடுகிற வாகனம் வாங்குங்கள். வாடகை வீடு என்றாலோ, ஆறு மாதம் இங்கே ஆறு மாதம் பிள்ளைகளோடு அங்கே என்றாலோ பெற்றோல்தான் சரி. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

குடாநாட்டுத் தூரங்கள் பிளக்-இன்னுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. பட்டணத்திலிருந்து காங்கேசன்துறை 20 கிலோமீற்றர் அளவு, சாவகச்சேரி இன்னும் கிட்ட, பருத்தித்துறை 35க்குள். எங்கள் பக்கம் அதிகம் காணக்கூடிய மிற்சுபிசி அவுட்லாண்டர் 2013இல் வந்தபோது அதன் பற்றறி 12 கிலோவாற் மணி. ஜப்பான் சோதனைக் கணக்கில் மின்சாரத்தில் மட்டும் 60 கிலோமீற்றர். ஏசி போட்டு, பழகிய பற்றறியோடு ஓடும்போது அதில் பாதியை நம்புங்கள். அதுவே சந்தைக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வரத் தாராளம். கொழும்புக்கு 400 கிலோமீற்றர். கிளிநொச்சிக்கு முன்பே சார்ஜ் தீர்ந்துவிடும். மாதம் நாலு தரம் கொழும்பு போகிறவருக்கு அந்தப் பற்றறி வெறும் பாரம்.

வீட்டு வயரிங்கை முதலில் பாருங்கள். 13 ஆம்ப் பிளக்கில் கேத்தில் போட்டால் அஞ்சு நிமிசத்தில் வேலை முடியும். கார் அதே பிளக்கில் ஐந்தாறு மணித்தியாலம் விடாமல் இழுக்கும். முப்பது வருடம் பழைய வயர், இறுக்கமில்லாத பிளக், யன்னலால் நீட்டிய எக்ஸ்ரென்சன் வயர் என்றால் பிளக்கைச் சுற்றி மண்ணிறமாகக் கருகத் தொடங்கும். இரவில் தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்தால் உடனே கழற்றுங்கள். மெயின் போர்ட்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த், இந்த மூன்றும் போடாமல் வாகனத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

மின்பட்டியலும் இருக்கிறது. இரவுக்கு 10 அலகு, மாதம் 25 இரவு என்றால் காருக்கு மட்டும் 250 அலகு. வீட்டுப் பாவனையில் மாதம் 180ஐத் தாண்டிய அலகுகளுக்குத்தான் விலை ஆகக் கூட. இரவு பத்தரை முதல் காலை ஐந்தரை வரை மலிவாக வரும் நேரவாரிக் கட்டணத்துக்கு உங்கள் இணைப்பை மாற்றலாமா என்று மின்சார சபையில் கேளுங்கள். கூரையில் சோலார் இருந்தால் கணக்கே வேறு.

"2022 மாதிரித் திரும்ப வந்தால்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த வருடம் பெற்றோல் செட்டில் நாள்கணக்கில் லயின் நின்றது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்டும் இல்லை. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை: இரண்டில் எது கிடைத்தாலும் ஓடுகிற வாகனம் ஒரு பலம். ஆனால் கறண்ட் நின்றால் காரிலிருந்தே வீட்டுக்கு எடுக்கலாம் என்று நம்பிவிடாதீர்கள்: ஜப்பானிலிருந்து வந்த அவுட்லாண்டரின் உள்ளே இருக்கும் பிளக் 100 வோல்ற். எங்கள் 230 வோல்ற் ஃபானையோ பிரிஜ்ஜையோ அதில் நேராகக் குத்த முடியாது.

மணற்காட்டு மணல், சுண்டிக்குளம் பக்கத்துப் பாதை எல்லாம் ஓட விரும்புகிறவர்கள் நிறையைப் பாருங்கள். ஜீப் ராங்லரின் பிளக்-இன் வகை, பெற்றோல் வகையைவிட 300 கிலோவுக்கு மேல் பாரம். மின்மோட்டர் இழுவை மெதுவான ஏற்றத்தில் அருமை, இளகிய மணலிலோ அந்த நிறை ரயரைத் தாழ்த்தும். அந்த வகைக்கு 2025 நவம்பரில் அமெரிக்காவில் பற்றறித் தீ அபாயத்துக்காக மீளழைப்பு வந்தது. திருத்தும்வரை சார்ஜ் போடவேண்டாம், கட்டடங்களிலிருந்து தள்ளி நிறுத்துங்கள் என்றார்கள். அங்கிருந்து கொண்டுவர நினைப்பவர்கள் வாகனத்தின் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து விசாரியுங்கள். அவுட்லாண்டர் பிளக்-இன்னில், மணலிலும் சேற்றிலும் மெதுவாக வலுவாக இழுக்க உதவும் லோ கியரே இல்லை; புங்குடுதீவு வீதிக்கும் மழைகாலத்து ஒழுங்கைக்கும் போதும், கடற்கரை மணலுக்கு இறக்காதீர்கள்.

பெற்றோல் இஞ்சினை ஊர்க் கராச்சில் எவரும் கழற்றிப் பூட்டுவார். உயர்வோல்ற் பற்றறியைத் தொடப் பழகியவர் வேண்டும்; பெரிய பழுது என்றால் கொழும்புதான். மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் பற்றறிக்கும் கூடாது. அதனால்தான் போய்வருகிறவர்களுக்குப் பெற்றோலைச் சொன்னேன்.

பாவித்த பிளக்-இன் வாங்கும்போது முழுச் சார்ஜ் போட்டுத் தரச்சொல்லி, ஏசியோடு பருத்தித்துறைப் பக்கம் ஓடிப் பாருங்கள். இஞ்சின் எந்த இடத்தில் ஸ்ரார்ட் ஆகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தையும் திறந்து பாருங்கள். பழைய அவுட்லாண்டர் பிளக்-இன்னில் ஐந்து இருக்கைதான், பெற்றோலில் ஏழு கிடைக்கும். அம்மா, அப்பா, மாமியோடு நயினாதீவுப் படகுக்குக் குறிகட்டுவான்வரை போகிற குடும்பத்துக்கு அந்தக் கடைசி வரிசை தேவைப்படும்.