பிஸ்கட் டின்னுக்குள் என்ன இருக்கிறது? மருந்து ஜன்னலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், பயிற்சிக்கு வந்த இரண்டு பேரை எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலடியில் விட்டுவிட்டுப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிளினிக் நாள். வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரத்தடி வரை போயிருந்தது. பதினெட்டு வருடங்களுக்கு முன் நான் செய்த பிழைகளில் பாதியை ஒரு மணி நேரத்துக்குள் செய்து முடித்துவிட்டார்கள். என்னைவிட வேகமாகவும் செய்தார்கள்.

காலாவதித் திகதி பாருங்கள், கையெழுத்து விளங்காவிட்டால் டொக்டரிடம் கேளுங்கள், எண்ணிக்கையை இன்னொரு தரம் சரிபாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் ஜன்னலுக்கே வரக்கூடாது.

"விளங்கிச்சா?" என்று கேட்பது

இந்தக் கேள்விக்கு மட்டக்களப்பில் ஒரே பதில்தான்: "ஓம்." பின்னால் நூறு பேர் நெருக்குகிறார்கள், பத்தரை பஸ் போய்விடும், வெள்ளைச் சட்டைக்காரரிடம் விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கேள்வியை மாற்றுங்கள். "வீட்ட போய் இதை எப்படிக் குடிப்பீங்க, ஒருக்காச் சொல்லுங்க பாப்பம்." பிழையாகச் சொன்னால் அங்கேயே திருத்திவிடலாம்.

டொக்டரின் துண்டில் உள்ளதை உறையில் அப்படியே கொப்பி அடிப்பது

டொக்டர் லத்தீன் சுருக்கத்தில் எழுதுவது உங்களுக்கு, நோயாளிக்கு அல்ல. காலை என்பதற்கு 'மானே' என்று எழுதியிருக்கும். அது நம் ஊரில் பிள்ளையைக் கூப்பிடுகிற 'மனே' இல்லை என்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஒருமுறை பகிடி விடுவேன். உறையில் நோயாளியின் நாளை எழுதுங்கள். "காலைத் தேத்தண்ணிக்கு முதல்", "சுபஹு தொழுதிட்டு", "ராச் சோத்துக்குப் பிறகு". வாசிக்கத் தெரியாதவர் என்றால் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் கீறிவிட்டால் போதும். தைரொயிட் குறைவுக்குக் கொடுக்கிற தைரொக்சின் மாதிரியான குளிசைக்கு இது மிக முக்கியம். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முந்திக் குடிக்க வேண்டும். கல்சியம், இரும்புச் சத்துக் குளிசைகளுக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் "காலை 1" என்று எழுதினால் எல்லாவற்றையும் ஒரே மடக்கில் போட்டுக்கொள்வார்கள்.

பழைய குளிசையைப் பற்றிக் கேட்காமல் புதியதைக் கொடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற பிழை இது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதம். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருந்து பாதைப் படகு ஏறி, பிறகு பஸ் ஏறி வருகிற ஓர் ஆச்சி. எழுபது தாண்டியவர், சலரோகம், சிறுநீரகமும் கொஞ்சம் பழுது. கிளினிக் கொப்பியில் சீனிக் குளிசை கிளிக்ளசைட் 80 மில்லிகிராம், காலையும் இரவும். அந்த மாதம் வேறு கம்பனியின் குளிசை வந்திருந்தது. பழையது பெரிய வட்டம், நடுவில் கோடு. புதியது சிறியது, கோடு இல்லை. எண்ணி உறையில் போட்டேன். "மருந்து ஒழுங்காக் குடிக்கிறீங்களா ஆச்சி?" என்று கேட்டேன். "ஓம் மனே" என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இரண்டு வாரம் போகவில்லை. வியர்த்துக் கொட்ட, சம்பந்தமில்லாமல் கதைத்துக்கொண்டிருந்த ஆச்சியை விடியப்புறம் மகள் கொண்டுவந்தாள். வீட்டில் முதலில் வயதுத் தடுமாற்றம் என்று நினைத்திருக்கிறார்கள். பார்த்தால் சீனி அடிமட்டத்தில். வார்ட்டில் குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தார். பின்னேரம் திரும்பவும் இறங்கியது. இந்த வகைக் குளிசை அப்படித்தான். இன்சுலினைச் சுரக்கச் சொல்லிச் சதையியை விரட்டிக்கொண்டே இருக்கும். வயதானவர், சிறுநீரகம் பழுதானவர் என்றால் ஒரு நாள் கழிந்தும் சீனி விழலாம். சீனித் தண்ணி பருக்கினோம், எழும்பிவிட்டார் என்று வீட்டிலேயே வைத்திருப்பது ஆபத்து.

வார்ட்டு டொக்டர் வீட்டில் உள்ள மருந்தெல்லாம் கொண்டுவரச் சொன்னார். மகள் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள். என்னையும் கூப்பிட்டார்கள். டின்னுக்குள் பழைய வட்டக் குளிசை மிச்சம் ஒரு பிடி. நான் கொடுத்த புதியது. அப்புறம் வெள்ளி அட்டையில் இன்னொன்று: இடையில் சனலில், அதாவது காசு கட்டித் தனியார் டொக்டரிடம், காட்டியபோது எழுதிக் கொடுத்தது. பெட்டியில் கம்பனி வைத்த பெயர் கொட்டை எழுத்தில், கிளிக்ளசைட் என்பது அடியில் பொடி எழுத்தில். மூன்றும் ஒரே மருந்து. ஆச்சிக்கு அது மூன்று மருந்து. மூன்றையும் ஒழுங்காகக் குடித்திருக்கிறார். நான் கேட்டதற்கு அவர் பொய் சொல்லவில்லை. டொக்டர் உறையை என் பக்கம் திருப்பி வைத்தார். மூலையில் என் கையொப்பம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆச்சி ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். எல்லாரும் அப்படிப் போவதில்லை.

நம் நாட்டில் இது திரும்பத் திரும்ப நடக்கத்தான் செய்யும். அரசு மருந்தைக் கம்பனி வைத்த பெயரில் அல்ல, பொதுப் பெயரில் வாங்குகிறது. பேராசிரியர் சேனக பிபிலே போட்டுத் தந்த பாதை அது. அவர் முதல் தலைவராக இருந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971 இல் தொடங்கியது. நல்ல வழி, ஏழைக்கு மருந்து கிடைக்கிற வழி. ஆனால் இந்தத் தடவை ஒரு கம்பனி, அடுத்த தடவை இன்னொன்று. நிறம் மாறும், வடிவம் மாறும். குளிசையை நிறத்தால் அடையாளம் வைத்திருக்கிற ஆளுக்கு அது புது மருந்து. அதை வாய் திறந்து சொல்ல வேண்டியது நாம்தான்: "இது போன மாசம் தந்த அதே குளிசைதான், உருவம்தான் மாறியிருக்கு. பழையதை முடிச்சிட்டு இதைத் தொடங்குங்க."

சரி, என்ன கேட்க வேண்டும்? "ஒழுங்காக் குடிக்கிறீங்களா" என்று கேட்கவே வேண்டாம். "காலையில எழும்பினா என்னென்ன குளிசை போடுவீங்க?" என்று கேளுங்கள். சொல்ல விடுங்கள். பிறகு, "மறுகா வேற எங்க மருந்து எடுக்கிறீங்க?" சனலா, கடையா, பரியாரியா? இன்னொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "வெளிநாட்டில இருந்து பிள்ளை ஏதும் அனுப்பினவரா?" கல்முனை, காத்தான்குடி, ஏறாவூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கட்டாரில் இருந்தோ சவூதியில் இருந்தோ வந்த குளிசைப் பெட்டி வீட்டில் கிடக்கும். கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள்; அவர்களுக்கு அது மருந்து இல்லை, மகன் அனுப்பிய சாமான். அடுத்த கிளினிக்குக்கு டின்னோடு வரச் சொல்லுங்கள்.

"நேரமில்லை சேர்" என்று ஒரு பிள்ளை சொன்னது. உண்மைதான், எல்லாரிடமும் கேட்க முடியாது. சீனிக் குளிசை, இன்சுலின், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின், இதயத்துக்கான டிகொக்சின், மூட்டுவாதத்துக்கான மெதொட்ரெக்சேட், வலிப்பு மருந்து. இவற்றில் ஏதாவது துண்டில் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். மற்றவர்களை விடலாம்.

மெதொட்ரெக்சேட்டுக்குக் கிழமை எழுதாமல் விடுவது

மூட்டுவாதத்துக்குக் கொடுப்பது கிழமைக்கு ஒருமுறைதான். தினமும் குடித்தால் எலும்பு மச்சையைக் கெடுத்து ஆளையே முடித்துவிடும். "கிழமைக்கு ஒன்று" என்பதைவிட "வெள்ளிக்கிழமை மட்டும்" என்று எழுதுங்கள்; ஜும்ஆவுக்குப் போகிறவருக்கும் கோயிலுக்குப் போகிறவருக்கும் அந்த நாள் மறக்காது. கூடக் கொடுக்கிற ஃபோலிக் அசிட்டுக்கு வேறு நாள். இரண்டும் சின்ன மஞ்சள் குளிசையாக வருவதுண்டு. ஒரே உறையில் போட்டால் கதை முடிந்தது.

மாரி காலத்துக் காய்ச்சலுக்கு டைக்குளோபினக்

இந்த வலிக் குளிசையைக் கொடுக்காதீர்கள். டெங்கு என்றால் இரத்தம் கசியும்.

பனடோல்தானே என்று விடுவது

பனடோல் என்பது பரசிற்றமோல்தான். தடிமன் குளிசையிலும் பெரும்பாலும் அது இருக்கிறது. 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. இரண்டையும் கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

நோன்பு தொடங்கிய பிறகு யோசிப்பது

ஒவ்வொரு வருடமும் நோன்பின் முதல் கிழமையில் சீனி இறங்கி ஆட்கள் வருவார்கள். காலைக் குளிசையைத் தாங்களாகவே சஹருக்கு மாற்றியிருப்பார்கள். குடித்துவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி. நோன்புக்கு ஒரு மாதம் முந்திய கிளினிக்கிலேயே "நோன்பு பிடிப்பீங்களா வாப்பா?" என்று கேட்டு, அளவை மாற்றுவதற்கு டொக்டரிடம் திருப்பி அனுப்புங்கள். நீங்களாக மாற்றாதீர்கள்.

இன்சுலினைக் "குளிரில வையுங்க" என்று மட்டும் சொல்வது

ஒரு கடற்றொழிலாளி மீன் பெட்டி ஐஸுக்குள் புதைத்து வைத்திருந்தார். குளிரில் வைக்கச் சொன்னோம், வைத்தார். அவர் மேல் என்ன பிழை? உறைந்த இன்சுலின் வேலை செய்யாது, உருகிய பிறகும் வீசத்தான் வேண்டும். திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை வரை, ஐஸ் பெட்டித் தட்டில் அல்ல, அதற்கு வெளியே பிரிஜ்ஜுக்குள். பிரிஜ் இல்லாத வீட்டில், தண்ணீர் ஊற்றிய மண்முட்டிக்குள் சின்ன முட்டி ஒன்றை வைத்து, அதற்குள் குப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைக்கலாம். நிழலில் இருக்க வேண்டும். திறந்த திகதியைக் குப்பியிலேயே எழுதிக் கொடுங்கள், பெரும்பாலானவை 28 நாளைக்குத்தான். கலங்கலாகவே வருகிற இன்சுலின் வகை என்றால் உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது.

இன்ஹேலர்

முன்னால் இழுத்துக் காட்டச் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஸ்டீரொயிட் என்றால் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இருந்து திரும்பி வந்த குளிசையை நம் மருந்துப் போத்தலில் கொட்டுவது

வேண்டாம். எங்கே, எந்த வெயிலில் கிடந்ததோ.