மெய்நிகர் போர்ட்டுக்குக் கட்டளை வடிவமைப்போர் கவனத்திற்கு

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பகுதியில் சோதனைக்கூடங்களுக்காக மெய்நிகர் நெட்வொர்க் கருவிகளை எழுதும் நம் இளைஞர்கள், மெய்நிகர் போர்ட்டை (நெட்வொர்க் இணைப்பு முனையை) உருவாக்கும் கட்டளையின் அமைப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது. போர்ட்டின் பெயர், பிரிட்ஜ் (போர்ட்டுகளை இணைக்கும் மெய்நிகர் சுவிட்ச்), விலான் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவைக் குறிக்கும் எண்), எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) என எல்லாவற்றையும் வெறும் வரிசைப்படி வாங்கினால், நடுவில் நிற்கும் 100 எதைக் குறிக்கிறது என்பது எழுதியவருக்கே பிறகு விளங்காது. ஆகவே போர்ட்டின் பெயரை மட்டும் முதலில் வாங்கிவிட்டு, மற்றவற்றை 'விலான்=100,எம்டியு=1500' என்பதுபோல் பெயரும் மதிப்புமாக வாங்குங்கள்; மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமு மென்பொருளின் நெட்டெவ் விருப்பமும் காற்புள்ளியிட்ட இத்தகைய இணைகளை ஏற்கிறது.

கொடுக்கப்பட்ட மதிப்புகளை உடனே சரிபார்ப்பது இதைவிட முக்கியம் என்பது என் கருத்து. விலான் எண் 1 முதல் 4094 வரைதான் செல்லும். லினக்ஸில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸின், அதாவது போர்ட்டின், பெயர் 15 பைட்டைத் தாண்டக் கூடாது. "தவறான உள்ளீடு" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும் கருவி யாருக்கும் உதவாது; "விலான் 5000 செல்லாது, 1 முதல் 4094க்குள் தருக" என்று அது தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஸ்கிரிப்ட்டுகள் ஒரே கட்டளையைப் பலமுறை ஓட்டும் என்பதால், போர்ட் ஏற்கெனவே இருந்தால் பிழையின்றிக் கடந்து செல்ல, ஓப்பன் விசுவிட்ச் என்ற மெய்நிகர் சுவிட்ச் மென்பொருளில் உள்ள 'மே-எக்ஸிஸ்ட்' போன்ற விருப்பம் ஒன்றையும் சேருங்கள். ஆனால் அதே பெயருடைய போர்ட் வேறொரு பிரிட்ஜில் இருந்தால், கட்டளை பிழை காட்டியே நிற்க வேண்டும்.