மடிக்கணினியில் ரேம் கூட்டலாம், நீங்களே

திருப்புளியை எடுப்பதற்கு முன் திரையில் ஒரு வேலை இருக்கிறது. வழக்கமாகப் பயன்படுத்தும் செயலிகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பகுதியைப் பாருங்கள். 85, 90 சதவீதம் நிரம்பியே இருந்தால் ரேம், அதாவது திறந்திருக்கும் செயலிகள் தங்கும் தற்காலிக நினைவகம், கூட்டுவதில் பலன் உண்டு. பாதிதான் நிரம்பியிருக்கிறதென்றால் கணினியின் மந்தத்துக்குக் காரணம் வேறு. உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை எஸ்எஸ்டியாக, அதாவது சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகமாக, மாற்றுவதே முதல் வேலை.

வாங்கும் முன்

மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் எல்பிடிடிஆர் வகை ரேம் என்றால் பெரும்பாலும் அப்படித்தான். ரேம் செருகும் காலி ஸ்லாட் உண்டா, அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதை உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். டாஸ்க் மேனேஜர் காட்டும் ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பணம் செலவிடாதீர்கள்.

மடிக்கணினிக்கு வேண்டியது சோடிம் எனப்படும் குட்டை ரேம். டிடிஆர்4 தலைமுறை ரேம் இருந்த இடத்தில் அடுத்த தலைமுறையான டிடிஆர்5 பொருந்தாது. முன்னதில் 260 இணைப்புப் பின்கள், பின்னதில் 262. விளிம்பின் நடுவில் உள்ள வெட்டுப் பள்ளமும் இடம் மாறியிருக்கும். வேகம் வேறான இரண்டைச் சேர்த்தால் இரண்டுமே மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும். 8 ஜிபி இருந்தால் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்குவதையே நான் சொல்வேன். இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் தரவைக் கடத்தும் முறையில், இயங்கும்.

திறப்பது

ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுமையாக அணையும். சார்ஜரைக் கழற்றுங்கள். திருகுகளின் நீளம் வெவ்வேறாக இருக்கலாம். ஒரு தாளில் அடிப்பக்கத்தை வரைந்து, அந்தந்த இடத்திலேயே ஒட்டி வையுங்கள். மூடியைப் பிளாஸ்டிக் அட்டையால் நெம்புங்கள். திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரம் போக ஏதேனும் பெரிய உலோகப் பொருளைத் தொடுங்கள்.

பொருத்துவது

ரேமை ஓரங்களில் பிடித்து, வெட்டை நேர்பார்த்து, ஏறத்தாழ 30 பாகை சாய்வில் நுழையுங்கள். தங்கநிறக் கோடு கிட்டத்தட்ட மறையும்வரை தள்ள வேண்டும். முதன்முறை செய்தபோது உடைந்துவிடுமோ என்று பயந்து நான் பாதியில் நிறுத்தினேன். கணினி உயிர்பெறவில்லை, புது ரேமே பழுதென்று முடிவுகட்டி அரைநாள் தவித்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளியதும் சரியாகிவிட்டது. முழுதாக நுழைந்த பிறகே கீழே அமுக்குங்கள். இரு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பிடிக்க வேண்டும்.

இயக்கிப் பார்ப்பது

பேட்டரியை இணைத்து, மூடித் திருகிவிட்டு இயக்குங்கள். முதல்முறை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம், டிடிஆர்5 என்றால் இன்னும் கூடுதலாக. பொறுங்கள், பவர் பொத்தானை அழுத்தி அணைத்துவிடாதீர்கள். வந்ததும் மொத்த ஜிபி சரியா என்று பாருங்கள். அன்றிரவே ரேமைச் சோதிக்கும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள். பிழை காட்டினால் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே போட்டுச் சோதித்து, பழுதானதை உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.