வீதியோர மண்வெட்டில் கல் கரைவதைப் பார்ப்பது எப்படி?

பாறை மழையில் கரைகிறது என்று சொன்னால் என் வகுப்பில் பாதிப்பேர் சிரிப்பார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. இலங்கை மலையகத்தில் அட்டனிலிருந்து தலவாக்கலை போகும் வீதியோரம், மலையை வெட்டிய ஓர் இடத்துக்கு நடத்திக் கூட்டிப்போய்விடுவேன். நீங்களும் போகலாம். ஆனால் மழை விட்டு, வெயில் நன்றாகக் காய்ந்த பிறகு போங்கள். நனைந்த மண்வெட்டின் அடியில் நிற்பது மடத்தனம். பழைய பேனாக்கத்தி, சுத்தியல், புளிப்பையும் காரத்தையும் நிறத்தால் காட்டும் பிஎச் தாள், காய்ச்சி வடித்த நீர் இருந்தால் போதும்.

அடியிலிருந்து தொடங்குங்கள். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை ஓடும் நைஸ் (gneiss) என்ற பாறை அங்கே இருக்கும். கத்தி ஏறாது. சற்று மேலே அதே பட்டைகள் அப்படியே தொடரும். ஆனால் அங்கே கத்தி பிடிவரை இறங்கிவிடும். இந்த உக்கிய கல்லில்தான் நேரம் செலவிட வேண்டும்.

வெள்ளைப் பட்டையைச் சுரண்டி விரலில் தேயுங்கள். மாவாக வருவது, முன்பு பெல்ஸ்பார் என்ற கனிமமாக இருந்தது. மழைநீர் காற்றின் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு வருவதால், மாசில்லாத மழைக்கே பிஎச் ஏறத்தாழ 5.6தான் (7க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும்). மண்ணுக்குள் வேர்கள் விடும் மூச்சு அதை இன்னும் புளிப்பாக்குகிறது. அந்த நீர் பெல்ஸ்பாரிலிருந்து பொற்றாசியம், சோடியம், கல்சியம் ஆகியவற்றையும் கொஞ்சம் சிலிக்காவையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது கயோலின் களி. விரலில் நறநறப்பது குவார்ட்ஸ் என்ற கனிமம். அதை இந்தப் புளிப்பு எளிதில் அசைக்காது. கறுப்புப் பட்டையிலுள்ள இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து துருவாகிப் பக்கத்திலும் பரவியிருக்கும். சீனி போல முழுதாக மறையும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கே சற்று ஏமாறுவார்கள்.

நடுவே உருண்டைக் கற்கள் கிடந்தால் ஆறு உருட்டிவந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நீர் வெடிப்புகள் வழியே இறங்குகிறது. மூலைகளை இரண்டு மூன்று பக்கமிருந்து தாக்குவதால் அவை முதலில் உக்கிப்போகின்றன. தோல் தோலாக உரியும் ஒன்றை உடைத்தால் உள்ளே புதுக்கல் பளபளக்கும்.

அந்தப் புதுக்கல்லில் ஒரு துண்டை மாவாக இடித்து, வடித்த நீரில் குழைத்து, பிஎச் தாளை வையுங்கள். தாள் காரப் பக்கம் சாயும். உச்சியிலுள்ள செம்மண்ணைக் குழைத்து வைத்தால் அமிலம் காட்டும். காரம் தரும் உலோகங்கள் கழுவிப்போனதே காரணம்.

தேயிலைக்கு பிஎச் 4.5 முதல் 5.5 வரையிலான புளிப்பு மண் பிடிக்கும். அதற்கும் கீழே இறங்கினால் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில், புளிப்பைக் குறைக்க டோலமைட் என்ற கல்லின் தூளைப் போடுகிறார்கள். அதுவும் புளிப்பில் கரையும் கல்தான். ஒரு கரண்டி எடுத்து வெதுவெதுப்பான வினாகிரியை ஊற்றிப் பாருங்கள். பொடிக்குமிழ்கள் மெதுவாக எழும். கட்டியாக இருந்தால் எதுவும் தெரியாது. தூளாகவே இருக்க வேண்டும்.